எழுபத்தெட்டு

வந்த அன்று முப்பத்தொன்று.
போகும் அன்று எழுபத்தெட்டு, நூற்றுக்கு.
இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.

சட்டைப் பொத்தான்: உதவியின்றி, ஏழு நிமிடம்.
கழிவறை: கைப்பிடி இருந்தால்.
படிகள்: பின்னால் ஒருவர் நிற்க வேண்டும்.
யார் என்று படிவம் கேட்கவில்லை.

ஈசூன் வீட்டுக்குப் போய் அளந்தேன்.
குளியல் நாற்காலி அறுபத்திரண்டு சென்டிமீட்டர்,
குளியலறை வாசல் அறுபது.
"கதவைக் கழட்டிடலாமா?" என்றான்
பெர்த்திலிருந்து மகன், திரையில்.
எதிர்வீட்டு ரொக்கியா
சாவி தன்னிடம் உண்டு என்று
நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

வலக்கை திரும்பினால் என்ன செய்ய ஆசை
என்று முதல் நாளே கேட்டிருந்தேன்.
பாசிர் பாஞ்சாங்கில் முப்பது வருடம்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய சவரிமுத்து
யோசிக்கவே இல்லை:
"நாலு நம்பர் எடுக்கணும், தங்கச்சி."
'நுண்ணசைவுப் பயிற்சி' என்று பதிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு பென்சில்.
கட்டம் தாண்டிய கருமை, கிழிந்த சீட்டு.
ஒரு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
அன்று நான் எதையும் அளக்கவில்லை.

டாக்சிக்குக் காத்திருக்கையில்
மருந்துப் பைக்குள்ளிருந்து சீட்டை எடுத்து நீட்டினார்.
கோடு தாண்டாமல் நான்கு கட்டமும் நிறைந்திருந்தது:
பூச்சியம், பூச்சியம், ஏழு, எட்டு.
"விழுந்தா பாதி உனக்கு."
பரிசு வாங்கக் கூடாது என்று விதி.
சிரித்து வைத்தேன்.

மறுவாரம் கூப்பிட்டுக் கேட்டேன்.
"நம்பரும் விழல,
நானும் விழல" என்றார்.

கதவு மட்டும்
இன்னும் கழட்டலையாம்.