இடதுமரை

ஷுவைக்கில் காலை பத்து மணிக்கே ஸ்பேனர் சுடுகிறது.
கிழிந்த பனியனைச் சுற்றித்தான் பிடிக்க முடியும்.

பைலகாத் தீவிலிருந்து பார்ஜில் வந்த வண்டி,
அறுபத்தேழாம் வருஷத்து டாட்ஜ்.
சக்கரம் உருளவில்லை, இழுத்துத்தான் இறக்கினார்கள்.
முப்பது வருஷம்
கடலைப் பார்த்தபடி நின்றிருக்கிறது.
கடலும் சும்மா இருக்கவில்லை.
மட்கார்டைத் தட்டினால்
பொரித்த அப்பளம்போல் உதிர்கிறது.

பூ ஜாசிம் ஒரு நீல பேசினைக் கொண்டுவந்து
வண்டிக்கடியில் வைத்தார்.
கழற்றுவதெல்லாம் இதில் விழ வேண்டும்,
எண்ணித் தர வேண்டும்,
புதுசு ஒன்றுகூட வேண்டாம்.
ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

ரிப்கானும் நானும் பேசிப் பதினாறு நாள்.
இருபது தினார்,
அதைவிடச் சின்னதாக ஒரு வார்த்தை.
ஒரே அறை. மேல் கட்டில் அவன்,
அவன் புரளும்போதெல்லாம்
என் முகத்தில் ரம்பத்தூள் மாதிரி ஏதோ விழும்.
பட்டறையில் மட்டும் பேச்சு:
பத்தொன்பது.
பைப்பு.
லைட்டைப் பிடி.

துருவுக்கு அவசரம் ஆகாது.
கழற்ற வேண்டியதை முதலில்
ஒரு மயிரிழை இறுக்க வேண்டும்.
உள்ளே எங்கோ நெட்டி முறிவதுபோல் ஒரு சத்தம்,
அது கேட்ட பிறகுதான் பின்பக்கம்.
கால் சுற்று வந்தால்
அரைக்கால் சுற்று திருப்பிக் கொடு.
வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே போனால்
போல்ட் தலை கையோடு வந்துவிடும்.
சிவக்கச் சுட்டு, ஆறும்போது
மெழுகுவர்த்தியைக் காட்டினால்
மரை தானாகக் குடித்துக்கொள்ளும்.
அந்த மணம்
துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது.

வலது முன்சக்கரம் ஒரே காலையில் வந்தது.
ஐந்து நட்டும் பேசினில் விழுந்து
ஐந்து விதமாகச் சத்தம் போட்டன.

இடது முன்சக்கரம் மூன்று நாள்.
எண்ணெய், நெருப்பு, சுத்தியல், மறுபடி எண்ணெய்.
ஸ்பேனரில் ஆறடிப் பைப்பைச் செருகி
நானும் அவனும் தொங்கினோம்,
ஒருவர் மூச்சு இன்னொருவர் காதில்,
முகம் மட்டும் வேறு வேறு பக்கம்.
ஒரு சாக்கெட் வெடித்தது.
பன்னுவிலிருந்து வந்த குல்ஜமீன்
பைப்பின்மேல் ஏறிக் குதித்து
பஷ்தோவில் என்னவோ சொன்னான்.
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் மதியம்,
வேறு வேலை ஓடாமல்
ஸ்டட்டின் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன்.
எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் துடைத்தேன்.
துருவுக்கடியில் ஒரு எழுத்து.
எல்.

மரை கழன்றவன் என்று ஊரில் ஆளைத்தான் சொல்வோம்.
மரை மாறிப் பிறந்ததை
அன்றுதான் பார்த்தேன்.
ஓடுகிற ஓட்டத்தில் கழன்றுவிடக் கூடாதென்று
இடப்பக்கச் சக்கரத்துக்கு
இடப்பக்கமாகவே வெட்டியிருக்கிறார்கள்.

ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனரைத் திருப்பிப் போட்டேன்.
பைப்பு வேண்டியிருக்கவில்லை.
பூனையை மிதித்ததுபோல் ஒரு கத்தல்,
சிவப்புப் பொடி,
நட்டு நகர்ந்தது.

ரிப்கான் எழுத்தைக் குனிந்து பார்த்தான்.
அப்படியே கிரீஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.
"மூணு நாளா இறுக்கிக்கிட்டு இருந்திருக்கம் மச்சான்."
சொன்ன பிறகுதான்
சொன்னது அவனுக்கே கேட்டது.
எழுந்து ஸ்பேனரைத் தேடினான்,
இடக்கையில் வைத்துக்கொண்டே.

நான்கு நல்லபடியாக வந்தன.
நாங்கள் இறுக்கிய இறுக்கில்
ஐந்தாவதின் ஸ்டட் நட்டோடு முறிந்தது.

சாயங்காலம் பூ ஜாசிம் வந்து
பேசினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து
அரபியில் எண்ணினார்.
முறிந்த துண்டு வந்ததும் எண்ணிக்கை நின்றது.
திட்டப்போகிறார் என்று
ரிப்கான் என் பக்கம் நகர்ந்தான்,
அல்லது நான் நகர்ந்தேன்.

அவர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.
வாசனை பார்த்தார்.
பிறகு வெள்ளை திஷ்தாஷாவின் பைக்குள் போட்டுக்கொண்டு
மீதியை எண்ணத் தொடங்கினார்,
விட்ட இடத்திலிருந்து.

பையின் ஓரத்தில் செம்மண் நிறத்தில்
ஒரு கறை.
இருபது தினார் இன்னும் வரவில்லை.