எதிரி இலக்கம் மூன்று

அட்டன் நீதவான் மன்றில்
பதினெட்டு வருசமாக ஒரே நாற்காலி எனக்கு.
ஒரு சொல் கூட்டேன், ஒரு சொல் குறைக்கேன்
என்று சத்தியம் செய்த நாற்காலி.

குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் சட்டத்தமிழ்
எதிரி என்கிறது.
எதிரி இலக்கம் மூன்று, மருதைவீரன் நிதுர்ஷன்,
வயது பத்தொன்பதும் நாலு மாதமும்.
யாருடையதோ சட்டை; தோளில் இரண்டு விரல் இடம் மிச்சம்.
முகப்பருவைக் கிள்ளியபடி
கூண்டில் நிற்கிறார் எங்கள் எதிரி.

தொழிற்சாலைக்குள் டீசல் எடுக்கப் போன மூவரில்
முப்பது தாண்டிய இருவர் தூக்கினார்கள், அடித்தார்கள்.
இவன் டோர்ச் பிடித்தான்.
(இவன் என்று இங்கேதான் சொல்லலாம்.
மன்றில் இவர்.)
காவல்காரர் சடையாண்டிக்கு
மணிக்கட்டில் இன்னும் மாவுக்கட்டு.
முன்வாங்கில் இருக்கிறார்,
ஒற்றைக் கையால் குடையை மடக்க முடியாமல்.

சட்டத்தரணி தேயிலைக் கன்றை உவமை சொன்னார்.
கவ்வாத்துக் கத்தியை அவர் தொட்டிருக்க மாட்டார்.
இளஞ்செடியை எந்த உயரத்தில் வெட்டுவதென்று
தெரிந்தவர்கள் எல்லாரும்
பின்வாங்கில் வாய் திறக்காமல் இருந்தார்கள்.

பதினெட்டு முடிந்த இரவில்
அவனுக்குள் என்ன மாறியது?
சட்டத்தில் அந்த வரி இல்லை.
இருந்தால் மொழிபெயர்த்திருப்பேன்.

நீதவான் கேட்டார்: செய்ததற்கு வருந்துகிறாரா?
நான் தமிழில் கேட்டேன்.
"தெரியலங்க."

எனக்கு வேர்த்தது.
சிங்களத்தில் போட்டால் திமிராகக் கேட்கும்.
வருந்துகிறார் என்று போட்டால்
ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை;
இரண்டு வருசம் ஆறு மாசமாகலாம்.
தாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தன்னே நே" என்றேன்.

பேனா நின்றது.
என்ன தெரியாதாம்? கேளுங்கள்.

"எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டுச்சுங்க.
அவனுங்க ஓடிட்டானுங்க.
டோர்ச்ச அணைக்கவா, அவரு மொகத்துல பிடிக்கவான்னு
தெரியல.
பிடிச்சிக்கிட்டே நின்னேன்,
ஆளுங்க வர்ற வரைக்கும்."

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.
குரலில் ஏதும் கூடியிருந்தால்
அது பதிவேட்டில் வராது.

ஆறு வாரத் தவணை.
நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வரட்டும்.
அதுவரை மறியல்.

வெளியே மழை.
சடையாண்டியின் குடையை விரிக்கப் போனாள் அந்தத் தாய்.
அவர் கொடுக்கவில்லை.
நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தார்.

அவள் என்னிடம் திரும்பினாள்:
"விட்டுருவாங்களாய்யா?"

என் இரண்டு மொழியிலும் தேடினேன்.

"தெரியலம்மா."