சாம்பல் படை

வியாழக்கிழமை இரவு, பீடோங்.
மோட்டார் பட்டறையின் பின்கட்டில்
பிங்பாங் மேசையைத் துடைத்துப் படைகளை அடுக்கினோம்.

ஆலையில் ஓவர்டைம் நின்று நாலு மாதம்.
நீலச் சாயம் ஒரு குப்பி இருபத்து மூன்று வெள்ளி;
இன்னும் ரெண்டு மூணு வெள்ளி போட்டால் பத்துக் கிலோ அரிசி.
கணக்குப் போட்டது நான்தான்,
வீட்டில் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஆக என் படையில் பதினொரு பேர் நீலம்,
ஒன்பது பேர் வெறும் சாம்பல்.
ஈட்டி உண்டு. முகம் இல்லை.

பூதம் வாங்கக் காசில்லாத கதிரொளி
காலி மைலோ டின்னை நிறுத்தி
"இதான் பூதம், மரியாதையா பேசுங்க" என்றான்.
சிரித்துக்கொண்டே ஒரு விதியும் போட்டோம்:
சாம்பல்காரன் கான்ட்ராக்ட் ஆள்,
அவனுக்கு ஒரு பகடைதான்.

சர்குணன் சிரிக்கவில்லை.
கையுறைத் தொழிற்சாலை அவனை நிறுத்தி
அன்றோடு ஒன்பது நாள்;
எங்களில் யாருக்கும் தெரியாது.
அன்றைக்கு அவன் என் பக்கம்.
நீலத்தை எல்லாம் பின்னால் தள்ளிவிட்டு
சாம்பலை மட்டும் நகர்த்தினான்.
ஒரு பகடை. இரண்டு விழுந்தது.
அடுத்த ஆளுக்கு ஒன்று.
அதற்கடுத்தவனுக்கும் ஒன்று.
டின் அசையவில்லை.
"நீலத்தை விடுடா" என்றேன்.
காதில் வாங்கவில்லை.

வீட்டில் பெட்டியைத் திறந்தால்
சாம்பலில் ஒரு ஆள் குறைவு.

அடுத்த வியாழன் திரும்பி வந்தான் அந்த ஆள்,
சர்குணனின் சட்டைப் பையிலிருந்து.
உடம்பெல்லாம் பால்பாயிண்ட் பேனா நீலம்,
கண் இரண்டு, வாய் ஒன்று.
மூக்குதான் கொஞ்சம் கோணல்.