இருபத்தாறு அங்குலம்

நசீமாவின் கைப்பையில் எப்போதும் ஓர் இன்ச் டேப்.
என் நாற்காலிக்கு வேண்டியது இருபத்தாறு அங்குலம்,
விரல் முட்டி உரசாமல் போக இருபத்தெட்டு.
கதவை அளக்கிறவள் அவள்,
படியை எண்ணுகிறவள் நான்.
மெனு கார்டு வரைக்கும் நாங்கள் போனது குறைவு.

ரவுண்டானா பக்கத்துச் சைவ ஓட்டல்: ஐந்து படி.
"பசங்க நாலு பேர் இருக்காங்க, தூக்கிடுவாங்க"
என்றார் கல்லாவில் இருந்தவர், நல்ல மனசோடுதான்.
நாலு பேர் தூக்க எனக்கு இன்னும் நாள் இருக்குதுண்ணே என்றேன்.
சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்
எண்ணி முடித்த சில்லறையை மறுபடி எண்ணினார்.

சென்னை சாலையில் ஏசி ஹால் மாடியில்.
லிப்ட் உண்டு.
லிப்டுக்குப் போக மூன்று படி.

புதிதாகத் திறந்த காபி ஷாப்பில் வாசல் சமதளம்.
நசீமா டேப்பை எடுக்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.
உள்ளே மேசைகள் எல்லாம் நின்றுகொண்டே குடிக்கிறவர்கள் உயரம்.
என் காபி நெற்றிக்கு நேரே வந்து நின்றது,
ஆவி மட்டும் கீழே இறங்கி வந்து விசாரித்தது.

எல்லாப் படியும் கறுப்புக் கிரானைட்,
முகம் பார்க்கலாம்.
எங்கள் ஊர்க் கல் கப்பலேறிக் கடல் கடக்கிறது.
லாரியில் ஏற்ற அந்தக் கல்லுக்கு
யாரோ சரிவு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

மேலே கோட்டைக்கு என்னால் ஏற முடியாது.
அதில் எனக்கு வருத்தம் இல்லை,
மலை மலையாக இருந்துவிட்டுப் போகட்டும்.
டிபன் கடைக்கு எதற்கு மலையாகும் ஆசை?

"பார்சல் வாங்கிக்கங்களேன்."
பதினோரு வருஷமாக வாங்குகிறேன்.
முடிச்சவிழ்க்க வராத சாம்பார்,
ஈர வேட்டி மாதிரி மடிந்து கிடக்கும் ரோஸ்ட்.
முறுகல் என்று எல்லோரும் சொல்வதை
நான் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

மாங்கூழ் கம்பெனியில் சீசன் கணக்கு முடித்து
போனஸ் வந்த வியாழக்கிழமை
நசீமாதான் அந்தச் சந்தில் கையைக் காட்டினாள்.
திம்மராயன் டிபன் சென்டர்.
வாசலில் சிமென்ட் சரிவு,
நடுவில் டயர் தேய்த்த கறுப்புக் கோடு.
"உங்களுக்காகப் போட்டது இல்லைம்மா," என்றார் அவர் வெட்கத்தோடு,
"ராத்திரி பைக்கை உள்ள ஏத்தணும். போன வருஷம் ஒண்ணு திருடு போச்சு."

திருடனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

கதவு இருபத்தொன்பது.
சரிவு செங்குத்துதான்; நசீமா மூச்சு வாங்கினாள்,
மாவரைக்கும் அம்மா பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைத்தாள்.
ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு இடம் பண்ணினார்கள்.
சர்வர் பையன் நசீமாவிடம் கேட்டான்:
"அவங்களுக்கு என்ன வேணும்?"
"அவங்களுக்கு ஒரு நெய் ரோஸ்ட்," என்றேன் நான்.

தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தேன்.
காலையிலிருந்தே குடிக்கவில்லை.
வெளியே சாப்பிட வருகிறவள் செய்யும் முதல் ஏற்பாடு அது.
டாய்லெட் பின்னால், இரண்டு படி இறங்கி.
நான் கேட்கவில்லை, கண்ணில் பட்டது.

ரோஸ்ட் வந்தது.
இலையை விட நீளம், ஓரம் தேன் நிறம்.
விரலால் தொட்டதும் உடைந்தது.
அந்தச் சத்தம்!
பக்கத்து மேசைக்காரர் திரும்பவில்லை,
அவருக்கு அது தினமும் கேட்கிற சத்தம்.
நசீமா மட்டும் தன் பொங்கலை நிறுத்திவிட்டு
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
இன்னொன்று சொன்னேன்.
அதையும் மெதுவாக, ஓரத்திலிருந்து.

ஒன்பதரைக்குக் கடை சாத்துவார்கள்.
செங்கல்லை எடுத்து, பின்பக்கமாக, அங்குலம் அங்குலமாக
நாங்கள் இறங்கும்போது மணி பத்தாகப் போகிறது.
சந்து முனையில் திம்மராயன்
பைக்கைப் பிடித்தபடி நின்றிருந்தார்,
ஸ்டாண்டு கூடப் போடாமல்.