இலைக்குவியலைத் தவிர

மார்ச் கடைசி வாரம். வென்ட்டா ஆற்றில்
பனிக்கட்டி உடைந்து நான்கு நாள்.
சன்னலின் உள்சட்டத்தைக் கழற்றுகிறேன்.
அக்டோபரில் இடுக்கில் நான் திணித்த பஞ்சு
சாம்பல் சுருளாகக் கையோடு வருகிறது,
கூடவே ஏழு ஈக்கள், ஒரு குளவி,
வில்னிஸ் தேடித் தேடிச் சலித்த சின்னத் திருகாணி.
இரண்டு கண்ணாடி ஒன்றானதும்
தெரு சட்டென்று உரக்கப் பேசுகிறது:
குப்பை லாரி, யாருடைய நாயோ,
கூரையிலிருந்து சரிந்த பனியின் தொப்.

கம்பளத்தை வேலியில் போட்டு அடித்தேன்.
ஐந்து மாத அடுப்புச் சாம்பல் கிளம்பி
ஸ்கைத்ரிதேயின் வெள்ளை விரிப்புகள் பக்கம் போயிற்று.
அவள் ஒன்றும் சொல்லாமல் விரிப்புகளை
மறுபக்கக் கொடிக்கு மாற்றினாள்.
ஒன்றும் சொல்லாததைக் கேட்கவைப்பதில் கெட்டிக்காரி.

முற்றத்தில்
பனி பின்வாங்கிய வரிசையிலேயே பொருள்கள் திரும்புகின்றன.
படியோரம் ஒற்றைக் கையுறை.
துணிக் கவ்விகள். மூன்று உருளைக்கிழங்கு.
எவனோ ஒரு பையனின் பச்சைப் பந்து, காற்றிறங்கி.
கடைசியாக, நிழல் விலகாத வடக்கு மூலையில்
அவன் பாதியில் விட்ட இலைக்குவியல்,
அதில் குத்திட்டு நிற்கும் இலைவாரி.

அன்றைக்கு டப்ளினிலிருந்து ஃபோன்.
கிடங்கு வேலை, திங்கட்கிழமையே வரவேண்டுமாம்.
இலைவாரியை நட்டுவிட்டு உள்ளே வந்து
பயணப்பை எங்கே என்றான்.
கைகூடக் கழுவவில்லை.
பனி மூடும்வரை சமையலறைச் சன்னலில்
அந்தக் கைப்பிடிதான் தெரிந்தது எனக்கு.
மூடிய பிறகும்.

ஆப்பிள் மரங்களுக்குச் சுண்ணாம்பு,
முயல் கடித்ததற்கு இரண்டு பூச்சு.
ரோஜாக்கள்மேல் போர்த்திய ஊசியிலைக் கிளைகளை எடுத்தேன்.
ஒரு செடி செத்திருந்தது,
இன்னொன்று செத்ததுபோல் நடித்தது.
பிர்ச் மரத்தில் துளையிட்டு, குழாய் செருகி,
வாளி கட்டினேன்.
பிறகு சூறைக்குருவிப் பெட்டி. இந்த வருஷம் தாமதம்;
முதல் ஜோடி எதிர்க் கம்பியில் உட்கார்ந்து
என் வேகத்தை எடைபோடுகிறது.
ஸ்கைத்ரிதே தானாகவே வந்து ஏணியைப் பிடித்தாள்.
பழைய கூட்டை இழுத்தேன்: வைக்கோல், இறகு,
நீல நைலான் நூல், என் மஞ்சள் ஸ்வெட்டரின் இழை.
"என்ன இருக்கு?" என்றாள் கீழிருந்து.
"பூராவும் எங்க வீடுதான்."

சாயங்காலம் தெருவெங்கும் புகை.
ஒவ்வொரு வேலிக்குப் பின்னாலும் போன வருஷம் எரிகிறது.
நானும் தீப்பெட்டியோடு போனேன்.
உண்மையைச் சொன்னால், காலையிலிருந்து
இதற்காகத்தான் மற்றதையெல்லாம் முடித்துக்கொண்டிருந்தேன்.
மேலடுக்கு காய்ந்திருந்தது.
செய்தித்தாளைச் சுருட்டிச் செருகினேன்.
குச்சியை உரசப் போனபோது
குவியலுக்குள் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

விரலால் விலக்கினேன்.
முள்ளெலி.
அவன் வாரிய இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி
வெங்காயம்போல் தன்னை மூடிக்கொண்டு.
முட்கள் ஏறின. இறங்கின.
அடுத்த மூச்சு வருமா என்று
நான் என் மூச்சைப் பிடித்திருந்தேன்.

தாளை உருவினேன். இலைகளைத் திரும்ப மூடினேன்,
ஸ்கைத்ரிதேயின் வேலியோரம் இன்னும் இரண்டு கை அள்ளி,
அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தே.

இரவு ஃபோனில் கேட்டான்:
"முற்றம் முடிஞ்சுதா?"
"உன் குவியலைத் தவிர."
"கொளுத்த வேண்டியதுதானே."
"உள்ளே ஆள் இருக்கு."
கொஞ்ச நேரம் அவன் பக்கம்
ஏதோ வண்டி பின்வாங்கும் பீப் மட்டும்.
"இலைவாரி?"
"துருப்பிடிச்சுப்போச்சு. புதுசு வாங்கணும்" என்றேன்.
"ஒண்ணுதான் வாங்கறேன்" என்று சொல்ல வந்து
சொல்லவில்லை.

பஞ்சில்லாத சன்னல் வழியே
பிர்ச் நீர் வாளியில் சொட்டுவது கேட்கிறது.
ராத்திரி உறையும், அடி விட்டுவிடும், பழைய வாளி.
கோட்டை மாட்டிக்கொண்டு
மறுபடி வெளியே போகிறேன்.