சுழி

கலாமாவிலிருந்து மூன்று மணிநேரப் பேருந்து.
யாஸ்னா கோல்கே உள்ளே வந்து உட்கார்ந்தும்
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.
திரையை இழுத்து மூடினேன்.
"அதையும் நிறுத்துங்கள்" என்றாள்.
எதை?
"ஊதுகிறதே, அதை."
அண்ணாந்து பார்த்த பிறகுதான்
அறையில் ஏசி ஓடுவது
எனக்கே உறைத்தது.

மடியில் கோப்பு. சுரங்கத்து மருத்துவர் எழுதியது:
கண்ணீர் போதிய அளவு.
சாயம் ஏற்றியதில் புண் இல்லை.
ஓய்வு. மனநல ஆலோசனை.
கடைசி இரண்டு சொற்களின் கீழ்
பேனா அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது.

படிவம் கேட்கிறது:
வலி, ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
"எண்ணெல்லாம் இல்லை.
இமையை மூடினால் உப்புத்தாள்.
திறந்தால் காற்று.
இரண்டுக்கும் நடுவில்
முந்நூறு டன் பாறையோடு
நான் மேடேற வேண்டும்."
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மரத்துப்போகச் செய்யும் சொட்டு ஒன்று.
காத்திருந்தோம்.
"பாதி போய்விட்டது."
மீதிப் பாதி கண்ணில் இல்லை என்பது
எனக்குத் தெரியும்.
கண் சொல்லிச் சொல்லி
மூளை மனப்பாடம் செய்துகொண்ட பாதி அது.
டாக்டர் பெத்ரிச் சொல்லட்டும் என்று
வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு துளி ஜெல். லென்ஸ் கார்னியாவைத் தொட்டது.
ஒரு மயிரிழை ஆழம்கூட இல்லை,
கறுப்புத் திரையில் வெள்ளையாய் நரம்புகள்.
நல்ல கண்ணில்
படிய வாரிய தலைமுடி மாதிரி ஓடும்.
இவளுக்கு அங்கங்கே அறுந்து,
அறுந்த முனை முடிச்சாய்த் தடித்து,
அறாதவை மணி கோத்தாற்போல் புடைத்து.

அவற்றின் இடையே அவை.
பளீரென்ற உடல், கிளை கிளையாய்க் கைகள்.
காவல் செல்கள்.
மற்றவர்க்கு நட்டநடுவில் ஒன்றோ இரண்டோ
கைகளை மடக்கிக்கொண்டு கிடக்கும்.
இங்கே ஒரு சட்டத்துக்குள் இருபத்தேழு.
இரண்டு முறை எண்ணினேன்.
ஒவ்வொன்றின் கையும்
ஏதோவொரு நரம்பின் மேல்.

"நான் பார்க்கலாமா?"

திரையைத் திருப்பினேன்.
நடுவுக்குச் சற்றுக் கீழே
நரம்பெல்லாம் சுழித்து இறங்கும் இடம்.
வெகுநேரம் பார்த்தாள், நீர் வழிய வழிய.
வறண்ட கண்தான் அப்படி வழியும்.
"இது எங்கள் குழி" என்றாள்.
விரலால் கோடு தொட்டாள்:
"இது ஏறுகிற பாதை. இது இறங்குவது.
இங்கேதான் ஆகஸ்டில் சரிந்தது.
இதெல்லாம் யார்?"
காப்பாற்ற வந்தவை.
"வந்து?"
போகவில்லை.

சிரித்துவிட்டாள்.
"சரிந்த அன்றும் இப்படித்தான்.
சைரன் போட்டுக்கொண்டு இத்தனை வண்டி.
பாறையை அள்ளிப் பத்து நாளாகியும்
பாதையை மறித்து நின்றன.
விளக்கை அணைக்க
யாருக்கும் உத்தரவு வரவில்லையாம்."

வறட்சியைக் கண் குளிராக அறிகிறது.
மேலே படர்ந்த நீர் ஆவியாகும்போது சில்லிடும்;
அந்தச் சில்லிப்பைக் கேட்டுத்தான்
நரம்பு கண்ணீரைக் கூப்பிடும்.
மழை பார்க்காத அடகாமாவில்,
பிற்பகல் இரண்டு மணி வெயிலில்,
இவள் கண்கள் இரண்டும்
பனியில் நின்று கத்திக்கொண்டிருந்தன.
சாயம் போட்டுப் பார்த்தவருக்கு
அது கேட்கவில்லை.

அறிக்கையை வாங்கியதும்
ஒரு சொல்லைத்தான் தேடினாள்.
இல்லை என்று தெரிந்த பிறகே
முதல் வரியிலிருந்து படித்தாள்.

பிறகு அவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து,
சுழற்றி, சிவப்பை அடியில் படியவிட்டு,
மேலே தெளிந்த வைக்கோல் நிறத்தை
ஐந்தில் ஒரு பங்காய்க் கலந்து
சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்தார்கள்.
பனிப்பையோடு பேருந்து ஏறினாள்
தன் கண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு.

நான்கு மாதம் கழித்து ஒரு போன்.
வண்டிக்குள்ளிருந்துதான்;
வெளியே காற்று அறைவது கேட்டது.
"அன்றைக்கு ஓர் எண் கேட்டீர்களே,"
என்றாள்,
"ஆறு. எழுதிக்கொள்ளுங்கள்."