போக இரண்டரை, வர ஏழரை

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடை மாடியில்
டிக்கெட் போடுகிறவள் நான்.
விமானத்தில் ஏறியதில்லை.
ஆனாலும் கட்டுநாயக்கவிலிருந்து குவைத்துக்கு
நாலாயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

புனிதமலர் வந்த அன்று நல்ல மழை.
மஸ்கெலியாவுக்கு மேலே, மேற்பிரிவு.
குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு
கடதாசியில் இலக்கங்களை மட்டும்
விரல் வைத்து வாசித்தாள்.
புறப்பாடு மாலை ஆறரை. இறங்குவது ஒன்பது.

"ரெண்டரை மணித்தியாலந்தானா மிஸ்?
எங்க டிவிஷன்லருந்து இங்க வரவே
மூணு ஆச்சு.
பாலத்துக்கிட்ட மண்ணு சரிஞ்சு கெடக்கு."

அடுத்த தாளைப் புரட்டினாள்.
திரும்பும் பயணம்: இரவு பத்து. விடிய ஐந்தரை.
விரல் மடக்கி எண்ணி
"ஏழரை" என்றாள்.
சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டாள்.

சனிபகவானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.
கலண்டரின் பின்பக்கத்தில்
இரண்டு கடிகாரம் கீறிக் காட்டினேன்.
போனாலும் வந்தாலும் பறப்பது ஐந்து மணித்தியாலம்;
அவர்களுடைய நேரம்
நமக்கு இரண்டரை பின்னால்.

கொழுந்து நிறுக்கையில்
தராசுக்காரன் சொல்லும் கிலோவைக் கேட்பதுபோல்
கேட்டுக்கொண்டிருந்தாள்,
நம்பாமல், மறுக்காமல்.

"அப்ப போறப்ப குடுக்கிற ரெண்டரைய
வர்றப்ப பிடிச்சுக்கிறாங்க.
தீவாளி அட்வான்ஸ் மாதிரி."

ஆமாம் என்றேன். இதைவிடச் சரியாக
யாரும் எனக்கு இதை விளக்கியதில்லை.

"சரி, அன்னைக்கு மட்டும் கூட வர்ற
அந்த ரெண்டரைக்கு யாரு பேர் போடுவா?
அரைப் பேராவது உண்டா?"

கணினியில் அதற்குக் கட்டம் இல்லை.
இன்னும் சிலவற்றுக்கும் இல்லை.
லயத்திலிருந்து பெட்டி
கொழுந்து லொறியில் இறங்கிய நேரம்,
கினிகத்தேனை வளைவில் வேனை நிறுத்தி
சின்னவன் டிலக்சன் வாந்தியெடுத்த நேரம்,
கட்டுநாயக்கவில் கண்ணாடிக் கதவுக்கு இப்பால்
அவன் தகப்பன் நின்றுகொண்டே இருந்த நேரம்.
வேன்காரர் பிறகு வந்து சொன்னார்.
நிறுத்துமிடக் காசு ஏறுகிறது என்று
இவர்தான் கடைசியில் கையைப் பிடித்து இழுத்தாராம்.

சக்கரம் தரையை விட்டதிலிருந்து
தரையைத் தொடும் வரைக்கும்தான்
என் கணக்கு.

இருபத்திரண்டு மாதம் கழித்து
ஒரு நடுச்சாமத்தில் போன் அடித்தது.
"மிஸ், திரும்பற தேதிய மாத்தணும்."
முன்னுக்கா, பின்னுக்கா என்றேன்.
"அங்க எத்தன மணி?"
"ஒண்ணு."
"இங்க பத்தரைதான். எனக்கு இன்னும்
இன்னைக்கே முடியல."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்,
அவள் பெயரில்லாத ஒரு பெயரால்.
"வச்சுராதீங்க" என்றாள்.
பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு
கேட்டபடி இருந்தேன்.
தண்ணீர் திறந்தது.
தட்டுகள், தட்டுகள், ஒரு பெரிய சட்டி.